மலையடிவார மானாவாரிக்கு மருதாணி

வீட்டு வேலியில் நிற்கும் மருதாணியை வயலிலும் பயிராக வளர்க்கலாம். ராஜஸ்தான் மாநிலம் பாலி மாவட்டத்துச் சோஜத் பகுதி உழவர்கள் பெரும்பாலும் மழையை நம்பியே இதைப் பயிரிடுகின்றனர். சோஜத் மருதாணிக்கு 2021-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கொல்லிமலையின் மேல்பகுதி 1,000 மீட்டருக்கு மேல் உயரமுள்ள குளிர்ந்த இடம். மிளகுக்கும் காப்பிக்கும் அது ஏற்றது, மருதாணிக்கு ஏற்றதன்று. இலையில் சாயம் ஏற நல்ல வெயில் வேண்டும். மலைக்குக் கீழே காரவள்ளி, சேந்தமங்கலம் பக்கத்தில் நீர் தேங்காத செம்மண், சரளை நிலங்களில் முயன்று பார்க்கலாம்.

நாற்றும் நடவும்

விதையின் தோல் கடினமானது. நாள்தோறும் தண்ணீரை மாற்றி ஒரு வாரத்துக்கு மேல் ஊற வைக்க வேண்டும். பின் மணலுடன் கலந்து மாசி, பங்குனியில் நாற்றங்காலில் தூவலாம். ஏக்கருக்கு 2 முதல் 2½ கிலோ விதை தேவை. ஆவணி மழையில், நாற்றின் நுனியையும் வேரையும் சற்றுக் கத்தரித்து, வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. இடைவெளியில் நட வேண்டும். ஏக்கருக்குச் சுமார் 30 ஆயிரம் நாற்றுகள் பிடிக்கும். கடைசி உழவில் தொழு உரம் இட வேண்டும். முதலாண்டில் களை மண்ட விடக்கூடாது.

அறுவடையில் கவனம்

இலையில் சாயப்பொருள் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். அறுத்த இலை மழையில் நனைந்தால் கறுத்து, நிறம் கெட்டு, விலை போகாது. சோஜத்தில் மழை ஓய்ந்ததும் புரட்டாசி, ஐப்பசியில் அறுக்கின்றனர். நமக்கோ அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை. எனவே மழை முடிந்து, அடி இலைகள் பழுத்து உதிருமுன், தை மாதத்தில் அறுப்பதே நல்லது. கிளைகளைத் தரையை ஒட்டி அறுத்து, நிழலில் உலர்த்தி, இலையைத் தட்டி எடுக்க வேண்டும்.

ஆமணக்கைத் தின்னும் காவடிப்புழு இதையும் தின்னும். கையில் பூசும் இலையாதலால் நஞ்சு மருந்து தெளிக்காமல், புழுக்களைப் பொறுக்கி அழித்து, வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம்.

வரவு

முதல் இரண்டாண்டுகளில் இலை குறைவு. மூன்றாம் ஆண்டு முதல் மானாவாரியில் ஏக்கருக்கு 400 முதல் 600 கிலோ வரை உலர்ந்த இலை எதிர்பார்க்கலாம். ஒருமுறை நட்டால் 20 ஆண்டுகளுக்கு மேல் நிற்கும். அதனால் நிலமும் அத்தனை காலம் கட்டுப்பட்டுவிடும். சோளம், நிலக்கடலை போடும் நிலம் முழுவதையும் மாற்ற வேண்டாம். இலையை வாங்குவோரிடம் முதலில் பேசிவிட்டு, மேட்டாங்காட்டில் கால் ஏக்கர் மட்டும் நட்டுப் பார்ப்பதே சிறு விவசாயிக்குப் பாதுகாப்பு.