பூந்தொட்டியா, சன்னலா?

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அலுவலகத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். வரவேற்பறையில் பச்சைச் சுவர், மேசைக்கு மேசை மணி பிளான்ட். "எங்களுடையது பயோஃபிலிக் அலுவலகம்" என்ற பெருமிதம் வேறு. நமக்கு ஒதுக்கிய இருக்கையோ சன்னலே இல்லாத மூலையில் இருக்கும்.

இயற்கையோடு மனிதனுக்குள்ள பிறவிப் பிணைப்பைக் கட்டடத்துக்குள்ளும் பேணுவதே பயோஃபிலிக் வடிவமைப்பு. உயிரியலாளர் எட்வர்ட் வில்சன் 1984இல் எழுதிய 'பயோஃபிலியா' நூல் அந்தப் பிணைப்பைப் பற்றியது. அதைச் செடி வளர்ப்பாகச் சுருக்கிக்கொண்டோம்.

செடிகள் அறைக் காற்றைச் சுத்தப்படுத்தும் என்ற நம்பிக்கைக்கு நாசாவின் 1989ஆம் ஆண்டு ஆய்வே வேர். காற்றுப் புகாத சிறு கூண்டுகளில் செடிகளை வைத்து, பென்சீன், ஃபார்மால்டிஹைட் போன்றவை குறைவதை அளந்தார்கள். ஆய்வில் தவறில்லை. அலுவலகம் மூடிய கூண்டு அல்ல என்பதைத்தான் மறந்துவிட்டோம் (சில நாள்களில் அப்படித் தோன்றினாலும்!). சாதாரணக் கட்டடங்களில் ஏறத்தாழ மணிக்கொரு முறை காற்று மாறுகிறது. அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் பழைய ஆய்வுகள் பன்னிரண்டை மீண்டும் கணக்கிட்டனர். அந்தக் காற்றோட்டத்துக்கு ஈடாக, ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டுமாம். அப்புறம் நாம் எங்கே உட்காருவது? போதாக்குறைக்கு, தொட்டித் தட்டில் தேங்கும் நீர் ஏடிஸ் கொசுவுக்கு விருந்து.

அப்படியானால் இயற்கையால் பயனே இல்லையா? உண்டு, அது கண்வழி வருகிறது. பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்றவர்களை ரோஜர் உல்ரிச் ஒப்பிட்டு 1984இல் எழுதினார். சன்னல்வழி மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர். கடுமையான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. அலுவலகம் மருத்துவமனை அல்லதான். ஆனாலும் எட்டு மணி நேரம் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது அற்பமான கேள்வியா?

அதற்காகச் சுவரையெல்லாம் கண்ணாடியாக்குவதும் தவறு. நம் வெயிலில் கண் கூசும். மேற்குப் பக்கத் திரைகள் நாள் முழுக்க மூடியே கிடக்கும். 2019இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் எஸ்டிஇ4 கட்டடத்தைப் பாருங்கள். வெளியே நீண்ட கூரை நிழல் தருகிறது. உள்ளே குளிரூட்டியோடு மின்விசிறியும் சுழல்கிறது.

பல அலுவலகங்களில் சன்னலோர அறைகள் மேலாளர்களுக்கே. அவர்களோ பாதி நாள் கூட்டங்களில் இருப்பார்கள். அந்த அறைகளையும் கோப்பு அலமாரிகளையும் நடுவே நகர்த்தி, ஊழியர் மேசைகளைச் சன்னலோரம் போட்டால், பச்சைச் சுவருக்கு மாதாமாதம் கட்டும் பராமரிப்புக் கட்டணமாவது மிஞ்சும்.