சிலுவை: பாரம் இறங்கும் இடம்

சிலுவை என்பது முதலில் ஒரு கொலைக்கருவி. கோபுர உச்சியிலும் கழுத்துச் சங்கிலியிலும் அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது எளிதில் உறைப்பதில்லை. ரோமப் பேரரசில் அடிமைகளையும் கலகக்காரர்களையும் ரோமக் குடியுரிமை இல்லாத குற்றவாளிகளையும் கொல்வதற்கு அதைப் பயன்படுத்தினார்கள். கி.மு. 71-இல் ஸ்பார்ட்டகஸின் அடிமைக் கலகம் அடக்கப்பட்டபோது, பிடிபட்ட சுமார் 6,000 பேரைக் கப்புவா நகரிலிருந்து ரோம் வரை சாலை நெடுகச் சிலுவைகளில் அறைந்தார்கள். உயிரைப் பறிப்பதோடு அந்தத் தண்டனை நிற்கவில்லை. ஆடையை உரிந்து, போவோர் வருவோர் பார்க்கும் இடத்தில் தொங்கவிட்டு, ஒரு மனிதனின் மானத்தையும் பெயரையும் சேர்த்து அழிப்பதே அதன் நோக்கம். குறுக்குக் கட்டையைக் குற்றவாளியே சுமந்து போக வேண்டும். இயேசுவின் சிலுவையை, வயலிலிருந்து வந்துகொண்டிருந்த சீமோன் என்பவரைப் பிடித்துச் சுமக்க வைத்ததாக நற்செய்தி நூல்கள் சொல்கின்றன.

1968-இல் எருசலேமின் வடகிழக்குப் பகுதியில் பழைய கல்லறை ஒன்றைத் திறந்தபோது, யெகோகனான் என்ற பெயர் பொறித்த எலும்புப் பெட்டி கிடைத்தது. அதற்குள் ஒரு குதிகால் எலும்பு இருந்தது. அதன் குறுக்கே ஏறத்தாழ 11.5 செ.மீ. நீள இரும்பு ஆணி பாய்ந்திருந்தது. மரத்தின் கணுவில் பட்டோ என்னவோ ஆணியின் முனை வளைந்துவிட்டது. பிடுங்க முடியாமல் ஆணியோடேயே அந்த மனிதரை அடக்கம் செய்துவிட்டார்கள். இயேசு சிலுவையில் அறையப்பட்ட அதே நூற்றாண்டு, அதே ஊர். சிலுவையைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ நூல்கள் சொல்லாததை அந்த ஓர் எலும்பு சொல்லிவிடுகிறது.

இப்படிப்பட்ட ஒன்றைத் தங்கள் நம்பிக்கையின் நடுவில் வைத்தவர்களை அந்தக் காலத்து உலகம் எப்படிப் பார்த்திருக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. ரோமின் பாலத்தீன் குன்றில் 1857-இல் கண்டெடுக்கப்பட்ட சுவர்க் கிறுக்கல் ஒன்றில், கழுதைத் தலை கொண்ட ஒருவன் சிலுவையில் தொங்குகிறான். கீழே ஒரு மனிதன் கையுயர்த்தி நிற்கிறான். அலெக்சமெனோஸ் தன் கடவுளை வணங்குவதாகப் பக்கத்தில் கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 200-ஐச் சேர்ந்த கேலிச் சித்திரம் அது. சிலுவையில் அறையப்பட்டவரைப் பற்றிய செய்தி கிரேக்கருக்குப் பைத்தியக்காரத்தனமாகவும் யூதருக்கு இடறலாகவும் படுகிறது என்று திருத்தூதர் பவுல் கொரிந்து சபைக்கு எழுதியது வெறும் பேச்சல்ல என்பதை அந்தச் சுவர் காட்டுகிறது. மரத்தில் தொங்கவிடப்பட்டவன் கடவுளின் சாபத்துக்கு உட்பட்டவன் என்பது யூதச் சட்டம். அந்தச் சாபத்தையே ஏற்றுக்கொண்டவர் மீட்பர் என்று சொல்லத்தான் பவுல் துணிந்தார்.

முதல் கிறிஸ்தவர்களுக்கே சிலுவையைப் படமாக வரையக் கை வரவில்லை. கல்லறைச் சுவர்களில் மீனையும் நங்கூரத்தையும் ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பனையும் வரைந்தார்கள். பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்துக்குப் பிறகு, சிலுவைத் தண்டனை வழக்கொழிந்து, அதைக் கண்ணால் கண்ட தலைமுறைகளும் மறைந்த பின்னரே, ஐந்தாம் நூற்றாண்டில் ரோமின் சாந்தா சபீனா ஆலய மரக்கதவில் சிலுவைக் காட்சி செதுக்கப்பட்டது. அங்கும் இயேசு கண்திறந்து, கைவிரித்து நிற்கிறார். பின்னால் சிலுவை மரம் கண்ணுக்குத் தெரிவதே அரிது. தலை சாய்ந்து உயிர் பிரிந்த உடலாக அவரைக் காட்டிய பெரிய சிற்பம், ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தில் உள்ள கேரோ சிலுவை, வருவதற்குப் பத்தாம் நூற்றாண்டு ஆகிவிட்டது.

தமிழில் வழங்கும் 'சிலுவை' என்ற சொல் சுரியானி மொழியின் 'ஸ்லீபா'விலிருந்து வந்தது. போர்ச்சுகீசியர் கொண்டுவந்த 'குருசு' கன்னியாகுமரி, தூத்துக்குடிக் கடற்கரை ஊர்களில் இன்றும் உயிரோடிருக்கிறது. அங்கே தெருவோரச் சிலுவைக் கோயிலுக்குக் குருசடி என்று பெயர். சென்னை பரங்கிமலையில் 1547-இல் போர்ச்சுகீசியர் ஆலயம் கட்ட அடித்தளம் தோண்டும்போது கிடைத்த கற்சிலுவையைச் சுற்றிப் பாரசீகத்தின் பழைய பகலவி எழுத்துகள் ஓடுகின்றன. சிலுவையின் நுனிகள் மொட்டுகளாக விரிகின்றன, அடியில் இதழ்கள், மேலே இறங்கிவரும் புறா. அதில் இயேசுவின் உருவம் இல்லை. கொலைமரம் துளிர்த்துப் பூக்கிற மரமாகிவிட்டது என்பதையே அந்தச் சிற்பி சொல்ல வந்ததாகப் படுகிறது.

ஒருவர் செத்ததால் இன்னொருவர் எப்படி மீட்படைய முடியும் என்ற கேள்விக்குக் கிறிஸ்தவத்தில் ஒரே விடை இல்லை. திருச்சபையின் பொதுச் சங்கங்கள் கிறிஸ்து யார் என்பதைச் சொல்லுக்குச் சொல் வரையறுத்தன. சிலுவை எப்படி மீட்கிறது என்பதை அவ்வாறு வரையறுக்கவில்லை. புதிய ஏற்பாடே பல இடங்களிலிருந்து உவமை எடுக்கிறது: கோயிலின் பலிபீடம், நீதிமன்றத் தீர்ப்பு, அடிமையை விலைகொடுத்து மீட்பது, போர்க்கள வெற்றி, பிரிந்த உறவு ஒப்புரவாவது. 1098-இல் எழுதி முடித்த தம் நூலில், மனிதன் தீர்க்க வேண்டிய கடன் மனிதனால் தீர்க்க முடியாத அளவு பெரிது, அதனாலேயே கடவுள் மனிதரானார் என்று வாதிட்டார் இறையியலாளர் அன்செல்ம். அடுத்த தலைமுறை இறையியலாளர் அபெலார், சிலுவையில் வெளிப்படும் அன்பு மனிதரின் உள்ளத்தைத் திருப்புவதே மீட்பு என்ற கருத்துக்கு அழுத்தம் தந்தார். 1930-இல் ஸ்வீடன் இறையியலாளர் குஸ்தாவ் ஆவ்லேன், பாவம், சாவு, தீய சக்தி ஆகியவற்றின்மீது கிடைத்த வெற்றியாகச் சிலுவையைக் கண்டதே மிகப் பழைய பார்வை என்று எடுத்துக்காட்டினார். இவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளுவது இறையியல் வகுப்பறைக்குப் பொருந்தலாம். ஜெபத்தில் முழங்காலிடும் ஒருவர், குற்ற உணர்வு அழுத்தும் நாளில் பலியையும், பயம் பிடித்த நாளில் வெற்றியையும், யாருமில்லை என்று தோன்றும் நாளில் அன்பையும் அதே சிலுவையில் காண்கிறார்.

தனிமனித நம்பிக்கையில் சிலுவை புகும் இடம் ஒரே சொல்லில் இருக்கிறது: எனக்காக. உலகின் பாவத்துக்காக, மனுக்குலத்துக்காக என்றெல்லாம் பேசிவந்த பவுல், கலாத்தியருக்கு எழுதும் கடிதத்தில் திடீரென்று ஒருமைக்கு மாறி, தன்மீது அன்புகூர்ந்து தனக்காகத் தம்மையே கொடுத்தவர் என்று இயேசுவைக் குறிப்பிடுகிறார். எழுதுகிறவர் ஒரு காலத்தில் கிறிஸ்தவர்களை வீடு வீடாகத் தேடிப் பிடித்துச் சிறையில் அடைத்தவர். அப்படிப்பட்டவர் தனக்காக என்று சொல்ல முடிந்தால் வேறு யாரும் சொல்லலாம் என்பதே அந்த ஒருமையின் வலிமை.

இந்த அனுபவத்துக்கு உலகமறிந்த சித்திரம் தந்தது ஜான் பனியனின் மோட்சப் பிரயாணம். அதன் முதல் பகுதி 1678-இல் வெளிவந்தது. முதுகில் பெரிய மூட்டையோடு ஊரைவிட்டு ஓடும் பயணி, ஒரு மேட்டில் சிலுவையைக் காண்கிறான். அவன் அவிழ்க்காமலே மூட்டை தானாக அவிழ்ந்து, உருண்டு, கீழே திறந்திருக்கும் கல்லறைக்குள் விழுந்து காணாமல் போகிறது. இதைத் தழுவித் தமிழில் இரட்சணிய யாத்திரிகம் பாடிய எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, 1827-இல் திருநெல்வேலிச் சீமையின் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858-இல் திருமுழுக்குப் பெற்றவர். 1894-இல் வெளிவந்த அந்தக் காவியம் அவருக்குக் கிறிஸ்தவக் கம்பர் என்ற பெயரை வாங்கித் தந்தது. கம்பனைக் கற்ற நாவு சிலுவையைப் பாடும்போது அது இறக்குமதிச் சரக்காக ஒலிக்கவில்லை.

பாரம் இறங்குவது என்றால் என்ன என்று தமிழ் நிலத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய சாலையோரங்களில் இன்றும் சில சுமைதாங்கிக் கற்கள் நிற்கின்றன: நட்ட இரண்டு கற்கள், அவற்றின்மேல் குறுக்காக ஒரு பலகைக் கல். தலைச்சுமையோடு வருகிறவர் பிறர் கைத்துணை கேட்காமல் சுமையை இறக்கி வைக்க ஏற்ற உயரம். பிள்ளை பெறாமலே வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நிறுவுவது வழக்கமாக இருந்தது. ஒருத்தி இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்கு ஈடாக, வழிப்போக்கர் எல்லோருடைய சுமையும் அங்கே இறங்குகிறது. சிலுவை முன் நிற்கும் விசுவாசியின் மனநிலைக்கு இதைவிட நெருங்கிய உவமை கிடைப்பது அரிது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. சுமைதாங்கியில் இறக்கிய சுமையை வழிப்போக்கர் மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டுதான் நடக்க வேண்டும். சிலுவையடியில் இறக்கிய பாவப் பாரம் திரும்ப ஏறுவதில்லை என்பது கிறிஸ்தவ நம்பிக்கை.

அதே சிலுவை இன்னொன்றை ஏற்றிவிடவும் செய்கிறது. தம்மைப் பின்பற்ற விரும்புகிறவன் தன்னை மறுத்துத் தன் சிலுவையை எடுத்துக்கொண்டு வரட்டும் என்றார் இயேசு. லூக்கா நற்செய்தியில் நாள்தோறும் என்ற சொல்லும் சேர்கிறது. மன்னிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு இந்த அழைப்பை விட்டுவிடுவதை மலிவான கிருபை என்று கண்டித்தவர் ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர். சீடத்துவம் பற்றிய அவருடைய நூல் 1937-இல் வந்தது. ஹிட்லரை எதிர்த்தவர்களோடு சேர்ந்ததற்காக 1945 ஏப்ரல் 9-ஆம் தேதி ஃப்ளோசன்பூர்க் வதை முகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

'அவங்க சுமக்கிற சிலுவை அது' என்று பேச்சுவழக்கில் சொல்வதுண்டு. மூட்டுவலி முதல் முரட்டு மருமகன் வரை எல்லாமே சிலுவையாகிவிடுகிறது. அடிபடும் மனைவியிடம் பொறுத்துக்கொள், அது உன் சிலுவை என்று சொல்லப்படும்போது, அந்தச் சொல் மிகக் கொடிய விதத்தில் திரிக்கப்படுகிறது. இயேசு நோயாளியிடம் உன் நோயைச் சுமந்துகொண்டு போ என்று சொன்னதாக ஒரு நற்செய்தியிலும் இல்லை, வந்தவரையெல்லாம் குணமாக்கினார். எடுத்துக்கொள்ளச் சொன்ன சிலுவை, அன்புக்காகவும் உண்மைக்காகவும் ஒருவர் தெரிந்தே ஏற்கும் விலை. பிறர் செய்யும் அநீதியை மூடிமறைக்கும் போர்வையாக அதை ஆக்குவது, சிலுவையில் அறைந்தவர்களின் பக்கம் நிற்பதாகும்.

துன்பப்படுகிறவருக்குச் சிலுவை தரும் ஆறுதல் வேறு வகைப்பட்டது. கடவுளே ஏன் கைவிட்டீர் என்ற பொருள்பட, 22-ஆம் சங்கீதத்தின் தொடக்க அடியைச் சொல்லி இயேசு கதறியதை மாற்கும் மத்தேயுவும் மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார்கள். நம்பிக்கையைப் பரப்ப எழுதப்பட்ட நூலில், அந்த நம்பிக்கையின் நாயகனே கைவிடப்பட்டதாக அலறுகிறார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அதே கேள்வியைக் கேட்கும்போது அது அவிசுவாசம் ஆகிவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. பலவீனத்திலும் சிலுவையிலுமே கடவுளைக் கண்டுகொள்ள முடியும் என்று 1518-இல் ஹைடல்பர்க்கில் சீர்திருத்தவாதி லூத்தர் வாதிட்டார். போர்க்கைதியாக இருந்து மீண்ட ஜெர்மன் இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன், 1972-இல் வந்த தம் நூலுக்குச் 'சிலுவையில் அறையப்பட்ட கடவுள்' என்றே பெயர் வைத்தார். கறுப்பின மக்கள் மரங்களில் தூக்கிலிடப்பட்ட அமெரிக்காவில், அந்த மரத்தையும் சிலுவையையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமல் எதையும் புரிந்துகொள்ள முடியாது என்று 2011-இல் இறையியலாளர் ஜேம்ஸ் கோன் எழுதினார்.

இந்த நம்பிக்கை உடம்பிலும் நாள்காட்டியிலும் பதிந்திருக்கிறது. வீட்டுக்குள் வரும்போதும் போகும்போதும், உண்ணும்போதும் உறங்கப் போகும்போதும் கிறிஸ்தவர்கள் நெற்றியில் சிலுவை வரைந்துகொள்வதாக மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதியிருக்கிறார். கத்தோலிக்கர் இடத்தோளிலிருந்து வலத்தோளுக்கும், கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினர் வலமிருந்து இடமாகவும் சிலுவை அடையாளம் இடுகிறார்கள். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குப் போன எகேரியா என்ற பெண் யாத்ரிகர், புனித வெள்ளியன்று ஆயர் சிலுவை மரத்துண்டை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்திருக்க மக்கள் வரிசையாக வந்து முத்தமிட்டதை விவரிக்கிறார். முன்பு ஒருவர் முத்தமிடும் சாக்கில் ஒரு துண்டைக் கடித்து எடுத்துப் போய்விட்டாராம். அதனால் சுற்றிலும் காவல் நின்றார்களாம். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் நடக்கும் சிலுவைப் பாதையின் நிலைகளைப் பதினான்கு என்று 1731-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமென்ட் உறுதி செய்தார். தமிழ்நாட்டுப் புராட்டஸ்டன்ட் சபைகளில் பெரிய வெள்ளி பகல் 12 மணி முதல் 3 மணி வரை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் மும்மணி ஆராதனையின் தொடக்கம், 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரு நாட்டின் லிமா நகரில் ஓர் இயேசு சபைக் குரு நடத்திய வழிபாடு. எந்தச் சபையின் வழக்கம் எங்கே போய்ச் சேரும் என்று யாரும் அணைகட்ட முடிவதில்லை.

கத்தோலிக்க ஆலயத்தில் சிலுவையில் இயேசுவின் உருவம் இருக்கும். பெரும்பாலான புராட்டஸ்டன்ட் ஆலயங்களில் வெறும் சிலுவை இருக்கும். முன்னது அவர் பட்ட பாட்டையும் பின்னது அவர் உயிர்த்தெழுந்ததையும் முன்னிறுத்துகிறது. இரண்டில் எது சரி என்று சண்டையிடுவதில் பயனில்லை. உயிர்ப்பு இல்லாவிட்டால் சிலுவை ரோமர் கொன்ற ஆயிரக்கணக்கானோரில் இன்னொருவரின் சாவு, சிலுவை இல்லாவிட்டால் உயிர்ப்புக்குக் காயமே இல்லை. 1931 டிசம்பரில் வத்திக்கானுக்குச் சென்ற காந்தியடிகள் சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்தின் முன் கண்ணீர் மல்க நின்றார். கிறிஸ்தவர் அல்லாத ஒருவரையும் பேச வைக்காமல் நிறுத்திவிடுகிற ஆற்றல் அந்த உருவத்துக்கு இருக்கிறது.

குருத்தோலை ஞாயிறன்று ஆலயத்தில் கொடுக்கும் ஓலையைச் சிறுவர்கள் அங்கேயே மடித்துச் சிலுவை செய்துவிடுவார்கள். அது வீட்டுக்கு வந்து சுவரில் தொங்கும் படத்தின் பின்னாலோ வாசல்நிலையிலோ ஓராண்டு இருக்கும். பச்சை போய், மஞ்சளாகி, தொட்டால் ஒடியும் பதத்துக்கு வரும்போது அடுத்த தவக்காலம் நெருங்கிவிடும். அப்போது பழைய ஓலைகளை ஆலயத்தில் சேர்த்து எரித்துச் சாம்பலாக்குவார்கள். திருநீற்றுப் புதனன்று குருவானவர் அந்தச் சாம்பலில் பெருவிரலைத் தோய்த்து, வரிசையில் வருகிற ஒவ்வொருவர் நெற்றியிலும் சிலுவை இடுகிறார்.