வாசற்படியில் ஒரு பிடிப் பூ

வங்கியில் பணிபுரிவோரின் இல்லங்களில் மார்ச் மாதம் சற்று விநோதமானது. நிதியாண்டின் இறுதி, நிலுவைக் கடன் வசூல், தணிக்கைக் குறிப்புகளுக்கு விடை, அரசுக் கணக்குகளின் வரவு செலவு என்று கிளையின் விளக்குகள் இரவு 9 மணிக்குப் பின்னரும் எரிந்துகொண்டிருக்கும். அதே மாதத்தில்தான் நாட்டின் பெரும்பகுதியில் குளிர் விலகி மரங்கள் துளிர்க்கின்றன. துளிர்த்த செய்தியை வீட்டில் இருப்போர் சொல்லித்தான் நாங்கள் அறிந்துகொள்வது வழக்கம்.

தமிழ்க் கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். பங்குனி இன்னும் பின்பனியைச் சேர்ந்தது. வேலையின் பொருட்டு வடக்கே குடியேறியவர்களுக்கு இந்தக் கணக்குச் சற்றே முன்னே நகர்ந்துவிடுகிறது. மாக மாத வளர்பிறையின் ஐந்தாம் நாளாகிய வசந்த பஞ்சமியன்றே வங்காளத்துச் சிறுமியர் மஞ்சள் உடுத்திச் சரசுவதி பூசைக்குப் புறப்பட்டுவிடுவர். நாங்கள் கொல்கத்தாவில் இருந்தபோது, பூசை முடியும்வரை இலந்தைப் பழத்தைத் தொடவே கூடாது என்று அண்டை வீட்டுக் குழந்தைகள் எங்கள் மகளைக் கண்டிப்புடன் எச்சரித்தார்கள். தொட்டால் தேர்வில் தோல்வி உறுதியாம். அப்போது அவளுக்கு எழுத்தே தெரியாது, இருந்தும் தொடவில்லை. பின்னர் ஐதராபாத்தில் உகாதிப் பச்சடிக்கு வேப்பம்பூ உதிர்த்த காலையும் உண்டு. ஆனால் இளவேனில் என்பது வீட்டுக்குள் நுழையும் ஒரு விருந்தாளி என்று எங்களுக்குக் கற்பித்த ஊர், குமாவுன் மலைநாட்டு அல்மோராவே.

கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில், மலை முதுகின் மேல் படர்ந்திருக்கும் ஊர் அது. கடைத்தெருவில் வெண்ணிறச் சர்க்கரை உருண்டைகள் ஒட்டிய பழுப்பு நிறப் பால் மிட்டாயின் மணம் எப்போதும் இருக்கும். நாங்கள் வாடகைக்கு அமர்ந்த வீடு கடைத்தெருவுக்கு மேலே, படிகள் ஏறிச் செல்லும் ஒரு சந்தில் இருந்தது. சந்தில் மொத்தம் பதினான்கு வீடுகள். அவற்றில் எத்தனை வீடுகளின் கதவுகள் திறக்கும் என்பது நாங்கள் குடிபோன முதல் வாரத்தில் தெரியவில்லை.

குமாவுன் மக்கள் சூரியன் ராசி மாறும் நாளை மாதப் பிறப்பாகக் கொண்டு பல பண்டிகைகளைக் கொண்டாடுகிறார்கள். ஆடி பிறக்கும்போது ஹரேலா. ஆவணி பிறக்கும்போது நெய்ச் சங்கராந்தி. நம் பங்குனி பிறக்கும் நாளில், அவர்கள் சைத்திரம் என்று கூறும் மாதத்தின் முதல் நாளில், பூல் தேயி. 'தேயி' என்பது வாசற்படி. மார்ச் 14 அல்லது 15 ஆம் நாள் விடியற்காலையில் குழந்தைகள் தட்டிலோ கூடையிலோ பூக்களையும் சிறிது அரிசியையும் ஏந்தி வீடு வீடாகச் செல்வார்கள். ஒவ்வொரு வாசற்படியிலும் பூவைத் தூவி, இந்த வீடு நலமாய் இருக்கட்டும், இதன் களஞ்சியம் நிறையட்டும் என்று பாடுவார்கள். வீட்டார் அவர்களுக்கு அரிசி, வெல்லம், சில்லறைக் காசு தருவார்கள். பெரியவர்களுக்கு இதில் ஏறக்குறைய வேலையே இல்லை. குழந்தைகள் வாழ்த்துகிறார்கள், பெரியவர்கள் வாழ்த்துப் பெறுகிறார்கள். நம் வழக்கத்திற்கு நேர் எதிரான இந்த ஏற்பாடு எங்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்த நாள் வேறொரு பெயரில் தெரியும். மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில் நோற்கப்படுவதே காரடையான் நோன்பு. ஆண்டுக்காண்டு அந்த வேளை மாறும்; சில ஆண்டுகளில் நள்ளிரவிலும் வரும். அல்மோராவில் எங்கள் முதல் ஆண்டில் அது விடியலுக்கு முன்பாக அமைந்தது. துணைவியார் மூன்று மணிக்கே எழுந்து, வறுத்த அரிசிமாவையும் வெல்லப்பாகையும் காராமணியையும் கிளறி, அடை தட்ட அமர்ந்தார். மலையில் வாழையிலைக்கு எங்கே போவது? அந்த ஊரில் சிங்கோடி என்னும் பால்கோவா இனிப்பை மாலு என்னும் கொடியின் பெரிய இலையில் கூம்பாகச் சுற்றி விற்பார்கள். இனிப்புக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிய மாலு இலைகளில்தான் அந்த ஆண்டுக் காரடை வெந்தது. சரடு கட்டிக்கொண்டு, உருகாத வெண்ணெயுடன் அடையை வைத்து நிமிர்ந்தபோது வாசலில் பாட்டுச் சத்தம். கதவைத் திறந்தால், கம்பளிக் குல்லாய் அணிந்த ஒன்பது குழந்தைகள்; வாசற்படியில் மஞ்சளும் சிவப்பும் இளஞ்சிவப்புமாகப் பூக்கள்.

மஞ்சள் நிறத்தது பியோலி. பாறை இடுக்குகளில் பூப்பது. இளஞ்சிவப்பு, பீச்சு மரத்தின் பூ. சிவப்பு, புராம்ச், உத்தராகண்டத்தின் மாநில மரம். குளிர் விலகும்போது மலைச்சரிவுகளில் கொத்துக் கொத்தாக அது மலர்வதைப் பேருந்துச் சன்னலிலிருந்து பார்ப்பவர் முதன்முறை தீயென்றே எண்ணக்கூடும்.

காசும் வெல்லமும் தரவேண்டும் என்பதை அறியாத துணைவியார், சூடான காரடையை ஆளுக்கொன்றாகத் தந்துவிட்டார். குழந்தைகள் முகர்ந்து பார்த்து, ஒருவரையொருவர் நோக்கி, பின்னர் தின்றார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் முதலில் வந்தது எங்கள் வீட்டுக்கே. மாலையில் அவர்கள் வீடுகளிலிருந்து எங்களுக்கு ஸை வந்தது. அரிசியை ஊறவைத்து அரைத்து, நெய்யில் வறுத்துச் சர்க்கரை சேர்த்துக் கிளறும் பண்டம். காலையில் சேர்ந்த அரிசியே பல வீடுகளில் அப்படி இனிப்பாகிவிடும். ஒரே நாள், ஒரே அரிசிமாவு. இரண்டு அடுப்புகளுக்கும் இடையே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். கிளையிலிருந்து இரவு 10 மணிக்குத் திரும்பி வந்து அந்த ஸையை ஆறிய நிலையில் உண்டபோதும் அது நன்றாகவே இருந்தது.

வீட்டின் மற்ற மகிழ்ச்சிகளும் அத்தகையவையே. எழுதப் புகுந்தால் எழுதத் தக்கவை அல்ல என்று தோன்றும். டிசம்பரிலிருந்து சாத்தியே கிடந்த சன்னலைத் திறப்பது. ரஜாய்களை மாடியில் வெயிலில் உலர்த்துவது. தேர்வுக்குப் படிக்கும் மகள் முதுகை வெயிலுக்குக் காட்டியபடி வாய்ப்பாடு ஒப்பிப்பது. ஞாயிற்றுக்கிழமை புராம்ச் பூக்களை வாங்கி வந்து, நடுவிலுள்ள மகரந்தத் தாள்களை ஒவ்வொன்றாக நீக்கி, இதழ்களை மட்டும் கொதிக்கவைத்து வடிகட்டிச் சர்க்கரை சேர்த்துச் சர்பத் செய்வது. மகரந்தம் நீக்கும் வேலையைக் குடும்பமே சுற்றி அமர்ந்து செய்தால்தான் முடியும். ஆண்டு முழுவதும் ஒருவரோடொருவர் பேச நேரமில்லாத வீட்டில் ஒரு கூடைப் பூ இரண்டு மணி நேரம் பேசவைத்தது. செம்மண் பூசிய தரையில் அரிசிமாக் கரைசலால் வரையும் ஐபண் கோலத்தைத் துணைவியார் கற்றுக்கொண்டதும் அப்போதே. கைவிரல்தான் தூரிகை. நம் மாக்கோலம் கற்றவர்க்கு அது ஒரு வாரப் பாடம் என்று அவர் சொல்லுவார், எங்களுக்கு ஐயமுண்டு.

கற்றுத் தந்தவர் எதிர்வீட்டு மூதாட்டி. குமாவுன் மொழியில் பாட்டியை 'ஆமா' என்பார்கள். எங்கள் மகள் அவரை 'ஆமா' என்று கூவி அழைப்பதும், உள்ளேயிருந்து துணைவியார் 'எதற்கு ஆமாம் போடுகிறாய்?' என்று வினவுவதும் முதல் மாதத்து வேடிக்கை. ஆமாவின் கணவர் குமாவுன் படைப்பிரிவில் பணியாற்றி மறைந்தவர். அவருடைய குடும்ப ஓய்வூதியம் எங்கள் கிளைக்கே வந்துகொண்டிருந்தது. மாதத்தின் முதல் வாரத்தில், பிடியுள்ள தடியுடன் படியிறங்கி வந்து, பாஸ்புக்கில் பதிவிட்டுக்கொண்டு, பணத்தில் பாதியை மட்டும் எடுத்துச் செல்வார்.

அவருடைய மகன் தில்லியை அடுத்த நகரில் இருந்தார். பேரக்குழந்தைகள் அங்கேயே பிறந்தவர்கள். இது ஒரு வீட்டின் கதையன்று. 2001 கணக்கெடுப்பில் 6,30,567 ஆக இருந்த அல்மோரா மாவட்டத்தின் மக்கள்தொகை, 2011 இல் 6,22,506 ஆகக் குறைந்திருந்தது. நாடு முழுவதும் தொகை ஏறிக்கொண்டிருந்த பத்தாண்டுகளில் இங்கே இறங்கியிருக்கிறது. பவுரி மாவட்டத்திலும் அவ்வாறே. அதே 2011 இல் அல்மோராவில் 1,000 ஆண்களுக்கு 1,139 பெண்கள். ஆண்கள் பிழைப்புக்குச் சமவெளி சென்றுவிட, வீட்டையும் நிலத்தையும் பெண்கள் காத்து நிற்கிறார்கள் என்பதே அந்த எண்ணுக்குப் பொருள். வணிகவியல் படித்த நமக்கு எண்கள் எளிதில் புரியும். பூல் தேயியன்று சந்தில் நின்று பார்த்தால் அவை இன்னும் நன்றாகப் புரியும். முதல் ஆண்டு ஒன்பது குழந்தைகள். இரண்டாம் ஆண்டு ஏழு. மூன்றாம் ஆண்டு எங்கள் மகளையும் சேர்த்து நால்வர். பதினான்கு வீடுகளில் ஐந்து பூட்டிக் கிடந்தன.

பூட்டிய வீட்டுக்கும் பூ வைக்க வேண்டுமா என்று மகள் கேட்டாள். கேட்டது ஆமாவிடம். ஆள் ஊரில் இல்லை, படி இருக்கிறதே என்றார் அவர். அப்படியே ஐந்து படிகளிலும் பூ வைக்கப்பட்டது. காசு தர யாருமில்லாத வாசலில் மற்றக் குழந்தைகள் பாட்டைச் சற்றுச் சுருக்கிக்கொண்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

அந்த மூன்றாம் ஆண்டு பிப்ரவரியில் ஆமா கிளைக்கு வந்து, கணக்கைச் சமவெளிக் கிளைக்கு மாற்றும் படிவம் கேட்டார். மகன் அழைத்துக்கொண்டே இருக்கிறாராம். குளிர்காலத்தில் தனியே விழுந்துவிட்டால் யார் பார்ப்பது என்கிறாராம். மகன் சொல்வதில் தவறொன்றும் இல்லை. நாமும் நம் பெற்றோரிடம் தொலைபேசியில் சொல்வது அதுவே. கணக்கை மாற்ற வேண்டிய தேவையே இல்லை, எந்தக் கிளையிலும் பணம் எடுக்கலாம் என்று விளக்கினோம். அவர் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பூல் தேயி முடியட்டும் என்றார். பின்னர் தயங்கியபடி, அங்கே நான்காவது மாடியாம், கதவுக்குக் கீழே படியே கிடையாதாம், பேரன் சொல்கிறான் என்றார். அதற்கு விடை சொல்லும் சுற்றறிக்கை எதுவும் எங்களிடம் இல்லை.

சைத்திர மாதத்துக்குக் குமாவுனில் இன்னொரு கடமையும் உண்டு. மணமாகிச் சென்ற பெண்ணைப் பிறந்தகத்தார் மறவாமல் பார்க்கச் செல்வது. உடையும் பலகாரமும் கொண்டுபோவது. பிட்டௌலி என்று பெயர். நம் பொங்கல் சீரின் உடன்பிறப்பு. இப்போது பெரும்பாலும் அது கைப்பேசியில் பணமாகவே செல்கிறது. மார்ச் மாதக் கடைசி வாரத்தில், ஆண்டிறுதி நெரிசலுக்கு நடுவே, அக்காவுக்கு 500, தங்கைக்கு 1,000 என்று சிறு தொகைகளை அனுப்பச் சீட்டு எழுதிக்கொண்டு நின்ற முதியவர்களை எங்கள் கிளையில் பார்த்திருக்கிறோம். அந்தச் சீட்டுகளை எந்த அலுவலரும் நாளைக்கு என்று தள்ளியதில்லை. இலக்குக் கணக்கில் அவை சேரமாட்டா என்பது வேறு செய்தி.

மகளுக்கு அந்த ஆண்டு 10 வயது நிறைந்திருந்தது. 10 வயதுக்கு மேற்பட்ட சிறுவர் தாமே சேமிப்புக் கணக்கை இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2014 இல் இசைவளித்திருப்பதை வாசகர்கள் அறிந்திருக்கலாம். மூன்று ஆண்டுப் பூக்காசுகளைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு வந்து, முகப்பில் அவளே எண்ணிக் கொடுத்தாள். 387 ரூபாய். கையொப்பத்தில் ஒரு 'ஸ்ரீ' கூடுதலாக விழுந்துவிட, இன்றுவரை அப்படியே போட்டுவருகிறாள்.

ஏப்ரலில் மாறுதல் ஆணை வந்தது. புறப்படும்வரை ஆமா அந்தப் படிவத்தைத் திருப்பித் தரவில்லை. குளிர்காலத்து மூன்று மாதங்கள் மட்டும் மகனிடம் சென்றுவருவது என்று ஏற்பாடாகியிருப்பதாகப் பின்னர் அறிந்தோம்.

இப்போது நாங்கள் இருக்கும் நகரில் இளவேனில் மிகக் குறுகியது. மின்விசிறியைத் துடைத்து ஓடவிடும் நாளோடு அது முடிந்துவிடுகிறது. அடுக்ககத்து வாசலில் மகள் பங்குனி முதல் நாள் பூ வைக்கிறாள். பியோலி இல்லை, தொட்டியில் பூத்த சாமந்தி. எதிர்வீட்டார் முதல் ஆண்டு என்னவோ ஏதோவென்று பார்த்தார்கள். இந்த ஆண்டு அவர்கள் வீட்டுச் சிறுவனும் தட்டோடு வந்து நின்றான். நோன்பு வேளை இம்முறை நள்ளிரவை ஒட்டி அமைந்ததால், காலையில் இருவருக்கும் ஆறிய காரடையே கிடைத்தது.

மார்ச் 27 ஆம் நாள் மகளின் கணக்கில் 101 ரூபாய் வரவாகியிருக்கிறது. அனுப்பிய கிளை அல்மோரா; குறிப்பில் பிட்டௌலி என்று ஒரே சொல். சீட்டை நிரப்பத் தம் இருக்கையிலிருந்து எழுந்துவந்து உதவியதாக அங்குள்ள எம் நண்பர் தொலைபேசியில் சொன்னார். தடியை முகப்பில் சாய்த்து வைத்துவிட்டு, தொகை போய்ச் சேர்ந்துவிட்டதா என்று இரண்டு முறை கேட்டாராம்.