பேக்கர்ஸ் டஜனும் நம்ம ஊர் கொசுறும்

டஜன்னா 12. ஆனா 'பேக்கர்ஸ் டஜன்'னா 13. அந்தக் கூடுதல் ஒண்ணு எங்கிருந்து வந்துச்சு?

பயத்தில் இருந்து என்பதுதான் பலரும் சொல்லும் விளக்கம். 13-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், கோதுமை விலைக்குத் தக்கபடி ரொட்டி எவ்வளவு எடை இருக்கணும்னு சட்டம் இருந்தது. எடை குறைஞ்சா அபராதம். மறுபடி மறுபடி மாட்டினா சந்தையில் எல்லார் முன்னாடியும் கழுத்தை மரச்சட்டத்தில் பூட்டி நிறுத்திருவாங்க. கையால் பிடிச்ச மாவு அடுப்பில் எவ்வளவு வத்தும்னு யாருக்குத் தெரியும்? எதுக்கு வம்புன்னு ஒண்ணு கூடப் போட்டாங்களாம்.

இன்னொரு விளக்கம்: மொத்தமா வாங்கித் தெருவில் விக்கிறவருக்கு அந்த 13-ஆவது ரொட்டிதான் லாபம். எனக்கு இதுதான் பொருத்தமாப் படுது. விலையில் கைவைக்க முடியாதபோது எண்ணிக்கையைத்தானே கூட்ட முடியும்!

தென்காசிப் பக்கம் இதுக்குப் பேரு கொசுறு. தெலுங்கு 'கொசரு'தான் மூலம். காய் வாங்கினா கறிவேப்பிலை, பூ வாங்கினா முழத்துக்கு மேல ரெண்டு விரற்கடை. இங்கே சட்டம் கிடையாது, வாய்விட்டுக் கேக்கணும். அந்தக் கறிவேப்பிலையையும் அந்த அம்மா காசு குடுத்துத்தான் வாங்கியிருப்பாங்க என்பது நமக்கு ஞாபகம் வர்றதில்லை.

போன சாரல் சீசனில் குற்றாலத்தில் ஒரு கிலோ மங்குஸ்தான் வாங்கிட்டு, "ஒண்ணு கூடப் போடுங்க அண்ணாச்சி"ன்னேன்.

"தராசுன்னா தட்டு சாயும், போடலாம். இது நம்பர்லா காட்டுது"ன்னவர், சின்னதாப் பாத்து ஒண்ணு எடுத்துப் பையில் போட்டார்.