பேச்சுக்கு ஒழுங்கு வேண்டும்

எழுதப்பட்ட விஷயத்தைப் படிப்பவனுக்கு ஒரு சலுகை உண்டு. விளங்காத இடம் வந்தால் அவன் நிற்கலாம். முன் பக்கத்தைப் புரட்டி மறுபடியும் படித்துக்கொள்ளலாம். பிரசங்கத்தைக் கேட்பவனுக்கோ அந்தச் சலுகை கிடையாது. காதில் விழுந்த சொல் அக்கணமே மறைந்துவிடுகிறது; அதைப் பற்றிக்கொள்ளத் தவறினால் பிறகு பிடிக்க வழியில்லை. ஆதலின், எழுதுகிறவனைக் காட்டிலும் பேசுகிறவனே தன் கருத்துக்களை ஒழுங்குபடுத்துவதில் அதிகச் சிரத்தை எடுத்துக்கொள்ளக் கடமைப்பட்டவன். ஆனால் நமது கூட்டங்களில் நாம் காண்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகவே இருக்கிறது. ஒரு கட்டுரையைப் பத்து முறை அடித்துத் திருத்துகிற அறிஞருங்கூட, மேடைக்குப் போகும்போது, ‘அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற தைரியத்துடன் போய்விடுகிறார்.

இதற்குக் காரணம் அறிவுக் குறைவன்று, சொல் வறுமையுமன்று. திருவள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும், அவையறிதலுக்கு ஓர் அதிகாரமும், அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்த மொழி நமது மொழி. நூலுக்குரிய குற்றங்கள் பத்தென்று நன்னூலார் கணக்கிட்டார். கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் ஆகியவை அவற்றுட் சில. இவை நூலுக்குக் குற்றமாயின், பேச்சுக்கு எத்தனை மடங்கு குற்றமாகும்! எடுத்த விஷயத்தை விட்டு வேறொன்றில் புகுந்து, சொன்னதையே திரும்பச் சொல்லி, கடைசியில் சக்தி குன்றி, ‘நேரமாகிவிட்டபடியால் முடித்துக்கொள்ளுகிறேன்’ என்று உட்காரும் பிரசங்கிகளை நாம் எவ்வளவு பேரைக் கேட்டிருக்கிறோம்!

ஒழுங்கு என்பது யாது? உலகம் அறிந்த இரண்டு பேச்சுக்களைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

1863-ஆம் ஆண்டு நவம்பர் 19-ந் தேதி அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்து கெட்டிஸ்பர்க்கில், உள்நாட்டுப் போரில் மடிந்த வீரர்களின் கல்லறை நிலத்தை அர்ப்பணம் செய்யும் வைபவம் நடந்தது. பிரதான பிரசங்கி, புகழ்பெற்ற எட்வர்ட் எவரெட். அவர் சுமார் 2 மணி நேரம் பேசினார். பின்னர் எழுந்த ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் சில நிமிஷங்களே பேசினார். அவருடைய பேச்சு ஏறக்குறைய 270 வார்த்தைகள்தாம். இன்று உலகம் நினைவில் வைத்திருப்பது அதைத்தான். மறுநாளே எவரெட், தாம் 2 மணி நேரத்தில் அடைய முயன்ற மையக் கருத்தை லிங்கன் 2 நிமிஷத்தில் அடைந்துவிட்டார் என்ற கருத்துப்பட அவருக்குக் கடிதம் எழுதிப் பாராட்டினார்.

குறுகிய பேச்சாயிருந்ததுமட்டும் இதற்குக் காரணமன்று. அதன் அமைப்பைப் பாருங்கள். தேசம் எந்தக் கொள்கையின்மீது பிறந்தது என்பதை முதலில் சொன்னார். அது நேற்றைய செய்தி. அக்கொள்கை நிலைக்குமா என்று யுத்தம் சோதிக்கிறது என்றார். அது இன்றைய செய்தி. இறந்தவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள், மிச்சத்தை முடிப்பது உயிரோடிருப்பவர் கடன் என்று முடித்தார். அது நாளைய செய்தி. நேற்று, இன்று, நாளை என்ற மூன்றே படிகள். எந்தப் பாமரனும் வழிதவறாமல் ஏறக்கூடிய படிகள். ரயிலில் போகும்போது ஒரு காகித உறையின்மேல் அவர் இதைக் கிறுக்கினார் என்று ஒரு கதை உண்டு. அது வெறுங் கதையே. எஞ்சியுள்ள கையெழுத்துப் பிரதி ஒன்றின் முதற் பக்கம் ஜனாதிபதி மாளிகையின் காகிதத்தில் எழுதப்பட்டிருக்கிறது. முன்னேற்பாடின்றி அவர் மேடைக்குப் போகவில்லை.

இரண்டாவது உதாரணம் நமது தேசத்தது. 1922-ஆம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி ஆமதாபாத்தில், ‘யங் இந்தியா’ பத்திரிகையில் எழுதிய கட்டுரைகளுக்காக ராஜத்துரோக வழக்கில் மகாத்மா காந்தி நீதிபதி ப்ரூம்பீல்டின் முன் நின்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டு, பின் ஓர் எழுத்து வாக்குமூலத்தையும் படித்தார். ராஜவிசுவாசியாயிருந்த தாம் ஒத்துழையாதவராக மாறியது ஏன் என்பதே அதன் கேள்வி. விடையை அவர் காலவரிசையில் அடுக்கினார். 1893-இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய பொதுவாழ்வு, போயர் யுத்தத்திலும் ஜூலு கலகத்திலும் செய்த சேவை, 1918-இல் கேடாவில் படைக்கு ஆள் திரட்ட முயன்றது எல்லாம் முன்னே வந்தன. ரவுலட் சட்டமும் ஜாலியன்வாலா பாக் படுகொலையும் அதன் பின்னரே வந்தன. வரிசை மாறியிருந்தால் அது வெறும் வசையாகத் தோன்றியிருக்கும். விசுவாசத்தை முதலில் வைத்ததனால், ‘இவன் ஆதிமுதலே பகைவன்’ என்று எவரும் சொல்ல இடமில்லாமற் போயிற்று. முடிவில், பதவியை விட்டு விலகுங்கள், அல்லது கடுந்தண்டனை விதியுங்கள் என்று நீதிபதியின் முன் இரண்டே வழிகளை வைத்தார். 6 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது; ஆனால் விசாரிக்கப்பட்டது சாம்ராஜ்யமே என்ற எண்ணம் நாட்டில் பரவியது.

இவ்விரண்டிலும் பொதுவாயிருப்பது என்ன? ஒரே ஒரு மையக் கருத்து. அதற்கு உதவாத எதுவும் உள்ளே நுழையவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் முடிவை நோக்கியே நகர்கிறது. கேட்பவர் இனிச் செய்யவேண்டியது யாது என்பது கடைசியில் ஐயமற விளங்குகிறது. ஆதலின் பேச விரும்புகிறவர், முதலில் தமது முடிவுரையைத் தீர்மானம் செய்துகொள்ளட்டும். சபையோர் வீடு திரும்பும்போது எந்த ஒரு வாக்கியத்தை நினைவிற்கொண்டு செல்லவேண்டும் என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். பிறகு அதற்கு இட்டுச்செல்லும் படிகளை மூன்று நான்குக்கு மேற்படாமல் அமைக்கட்டும். மேடையிலுள்ளோர் ஒவ்வொருவரையும் அடைமொழியோடு விளிப்பதில் பத்து நிமிஷத்தைச் செலவிடும் வழக்கத்தையும் குறைத்துக்கொள்ளட்டும். சபையோர் மிகக் கூர்ந்து கேட்பது அந்த முதற் பத்து நிமிஷத்தில்தான்.

உணர்ச்சி தானாகப் பொங்கவேண்டும், ஒழுங்கு அதைக் கொன்றுவிடும் என்பாரும் உளர். நாம் இதனை ஒப்பவில்லை. கரையுள்ள ஆறுதான் வயலுக்குப் பாயும். கரையற்ற வெள்ளம் ஊரை அழிக்கும்.

இது பெரிய தலைவர்களுக்கு மட்டும் உரிய பாடமன்று. தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டு முதல் கிராம சபைக் கூட்டம் ஆண்டுக்கு 6 நாட்களில் நடத்தப்பட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. அங்கே எந்த வாக்காளரும் எழுந்து பேசலாம். குடிநீர் வராத தெருவைச் சேர்ந்த ஒரு பெண்மணிக்கு மூன்று நிமிஷம் கிடைக்கிறதென்று வைத்துக்கொள்வோம். பழைய மனக்குறைகளிலிருந்து அவர் ஆரம்பித்தால், நேரம் தீர்ந்துவிடும், கூட்டம் கலைந்துவிடும், தெருக்குழாய் வறண்டபடியே இருக்கும். ‘எங்கள் தெருவுக்குக் குழாய் வேண்டும்’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லி, எத்தனை வீடுகள், எத்தனை நாளாகத் தண்ணீரில்லை, முன்பு மனு கொடுத்தது எந்தத் தேதி என்பவற்றை வரிசையாகக் கூறி, ‘இதைத் தீர்மானமாக எழுதுங்கள்’ என்று முடித்தால், அப்பேச்சைத் தட்டிக்கழிப்பது எளிதன்று. வாக்கியமாக வராத கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் ஏறுவதில்லை.

பேச உரிமை பெற்றுவிட்டோம். அவ்வுரிமை பயன்படுவதும் வீணாவதும் பேசுகிற முறையைப் பொறுத்தது. பள்ளிக்கூடங்களில் பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்விப்பதோடு நில்லாமல், ஒரு கருத்தை எடுத்து, படிகள் அமைத்து, முடிவுக்குக் கொண்டுபோகும் பழக்கத்தை ஆசிரியர்கள் மாணவர்க்குக் கற்பிப்பார்களாக. பொறுமையோடு உட்கார்ந்து கேட்கும் பொது ஜனங்களுக்குப் பேசுவோர் செலுத்தவேண்டிய முதல் மரியாதை அதுவேயாகும்.