நாளைய உலகில் பெண்

நாளைய உலகை இன்றே கற்பனையில் காட்டுவது அறிவியல் புனைகதை. அதில் வரும் கருவிகள் புதியவை, ஊர்திகளும் புதியவை. அங்கு வாழும் பெண்ணின் நிலையும் புதியதா? இவ்வினாவோடு அணுகத்தக்க தமிழ்ப் படைப்பு, சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. 1980களில் ஆனந்த விகடனில் தொடர்கதையாக வெளிவந்த இப்புதினம், பின்னர் தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் ஒளிபரப்பானது. இதன் ஆசிரியர் ரங்கராஜன் என்னும் பொறியாளர். தம் மனைவியின் பெயரையே புனைபெயராகக் கொண்டவர்.

இருபத்தோராம் நூற்றாண்டில் கதை நிகழ்கிறது. ஜீவா என்னும் சர்வாதிகாரி நாட்டை ஆள்கிறார். குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். கதைத்தலைவி நிலா, இல்லத்தரசி. கணவன் சிபி காணாமற்போகவே, அவள் வீட்டைவிட்டு வெளியேறித் தேடத் தொடங்குகிறாள். ஜீனோ என்னும் இயந்திர நாய் அவளுக்கு வழித்துணையாகிறது.

இங்கே ஒரு முரண் புலப்படுகிறது. நூல்களைப் படிப்பதும் ஆராய்ந்து முடிவெடுப்பதும் ஜீனோவின் இயல்புகள். அச்சமும் கண்ணீரும் தொடக்கத்தில் நிலாவுக்கு உரியவை. இயந்திரத்திற்குச் சிந்தனையை வழங்கிய கற்பனை, பெண்ணைப் பழைய இடத்திலேயே நிறுத்திவிட்டதோ என்று எண்ணத் தோன்றும். ஆயினும், கதை அங்கேயே நின்றுவிடவில்லை. இறுதியில் நிலா நாட்டின் அரசியாகிறாள். ஆனால், அவளை அரியணையில் அமர்த்திய ரவியும் மனோவுமே ஆட்சியைத் தம் கையில் வைத்துக்கொள்கின்றனர். பதவி பெண்ணுக்கு, அதிகாரம் பிறருக்கு என்னும் நிலையை அடுத்த புதினமான 'மீண்டும் ஜீனோ' விரிவாகப் பேசுகிறது. இது கற்பனை உலகிற்கு மட்டும் உரிய நிலையன்று என்பதை நாம் அறிவோம்.

பெண்ணைப் புதிதாகப் படைக்க எதிர்காலக் கதைதான் வேண்டும் என்பதில்லை. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார், மகாபாரதப் பழங்கதையையே எடுத்துக்கொண்டு 'பாஞ்சாலி சபதம்' இயற்றினார். அதன் முதற்பகுதி 1912இல் வெளிவந்தது. அவையில் நின்று நீதி கேட்கும் பாஞ்சாலி, பழைய காலத்தவள். அவளது குரலோ புதியது.

திரையில் தோன்றும் பாத்திரம் காண்போரின் வாழ்வையும் தொடுகிறது. 1966இல் அமெரிக்காவில் ஒளிபரப்பாகத் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொடரில், உஹுரா என்னும் கறுப்பினப் பெண் விண்கலத்தின் தகவல் தொடர்பு அதிகாரியாக வந்தார். அப்பாத்திரத்தால் ஊக்கம் பெற்ற சிறுமியருள் ஒருவர் மே ஜெமிசன். 1992இல் விண்வெளிக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண் அவரே.

எனவே, அறிவியல் தொடரொன்றைக் காணும்போது அதன் கருவிகளை வியப்பதோடு நின்றுவிடுதல் ஆகாது. அவற்றை இயக்குபவர் யார், முடிவெடுப்பவர் யார் என்பதையும் நோக்குதல் வேண்டும். நிலா அரியணை ஏறினாள் என்பது செய்தி. அவள் ஆண்டாளா என்பதே வினா.