பொது அறிவுக் கட்டுரைப் பரீட்சையும் கருப்பொருள்வழிப் பயில்வும்

போட்டிப் பரீட்சைகளில் இடம்பெறும் பொதுக் கட்டுரை வினாத்தாள், பரீட்சார்த்திகள் பலரிடையே ஒருவகை அச்சத்தை ஏற்படுத்தி வந்துள்ளது. ஏனைய வினாத்தாள்களுக்குப் பாடவிதானம் உண்டு, எல்லை உண்டு. கட்டுரை வினாத்தாளுக்கோ உலகமே பாடவிதானமாகத் தோன்றுகின்றது. இவ்வச்சத்தின் விளைவாக இரு போக்குகள் உருவாகியுள்ளன. ஒன்று, ஆண்டு முழுவதும் செய்திகளையும் புள்ளிவிபரங்களையும் ஒழுங்கின்றிச் சேர்த்துக்கொண்டே போதல். மற்றையது, பிறர் எழுதிய இருபது முப்பது மாதிரிக் கட்டுரைகளை மனனஞ் செய்து, அவற்றுள் ஒன்றேனும் வினாத்தாளில் வாராதா எனக் காத்திருத்தல். இவ்விரண்டுக்கும் மாறாக, சமூக வாழ்வின் பிரதான கருப்பொருள்கள் சிலவற்றைத் தேர்ந்து அவற்றை ஆழப் பயிலும் முறையொன்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கட்டுரைப் பரீட்சையின் சமூகப் பின்னணி

அரச சேவைக்கு ஆட்சேர்க்கக் கட்டுரையைப் பயன்படுத்தும் வழக்கம் மிகப் பழமையானது. சீனப் பேரரசின் பரீட்சைமுறை இதற்குத் தக்க சான்று. மிங், சிங் அரச வமிசங்களின் காலத்தில், எட்டு உறுப்புகளைக் கொண்ட ஒரு கட்டுரை வடிவம் பரீட்சார்த்திகள் மீது விதிக்கப்பட்டது. கன்பூசிய நூல்களினின்று எடுத்த ஒரு தொடரை, வரையறுக்கப்பட்ட ஒழுங்கிலே விரித்தெழுதுவதே அங்கு திறமை எனக் கொள்ளப்பட்டது. வடிவம் இறுகவே சிந்தனை சுருங்கிற்று. நாட்டின் நிலவுடைமையையோ பஞ்சத்தையோ அந்நிய ஊடுருவலையோ பற்றி ஏதும் அறியாதவரும் நல்ல கட்டுரையாளராகித் தேறக்கூடியதாயிற்று. 1905 இல் அப்பரீட்சை முறையே ஒழிக்கப்பட்டது.

பிரித்தானியாவில் 1854 இல் வெளிவந்த நோத்கோட் – ட்ரெவெலியன் அறிக்கை, செல்வாக்கினால் உத்தியோகம் வழங்கும் வழக்கத்தை எதிர்த்து, திறந்த போட்டிப் பரீட்சையை வற்புறுத்திற்று. இந்திய சிவில் சேவைக்கான திறந்த போட்டி அடுத்த ஆண்டிலேயே தொடங்கியது. இலங்கையரான பொன்னம்பலம் அருணாசலம் 1875 இல் போட்டிப் பரீட்சை வாயிலாக இலங்கை சிவில் சேவையிற் சேர்ந்தமை நாமறிந்ததே. பரீட்சை திறந்ததாக இருந்தபோதிலும் அதன் வாயில் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பது இங்கு நோக்கற்பாலது. ஆங்கில உயர்கல்வி பெறக்கூடிய வர்க்கத்தினர்க்கே அது எட்டியது. 1945 இன் இலவசக் கல்வித் திட்டமும், சுயமொழிப் போதனை பல்கலைக்கழகம் வரை விரிவடைந்தமையும், 1963 இல் சிவில் சேவை ஒழிக்கப்பட்டு நிருவாக சேவை அமைக்கப்பட்டமையும் இந்நிலையைப் பெரிதும் மாற்றின. கிராமப்புறத்து விவசாயியின் மகனும் மகளும் இன்று அதே பரீட்சை மண்டபத்தில் அமர முடிகின்றது.

எனினும் பழைய ஏற்றத்தாழ்வு வேறு வடிவிலே தொடர்கின்றது. நூலகம், பத்திரிகை, நகரத்து ரியூட்டரி ஆகிய வசதிகள் சமமாகப் பங்கிடப்பட்டில. வசதி குறைந்த மாணவன் ஒருவன் இருபது மாதிரிக் கட்டுரைகளை விலைகொடுத்து வாங்குவதாற் பயனில்லை. அவற்றை வாங்கும் போட்டியில் அவன் எப்போதும் பின்னிற்பான். தன்னிடமுள்ள சில நூல்களையும் தன் ஊரின் அனுபவத்தையும் கொண்டே சிந்திக்கப் பழகுவதுதான் அவனுக்கு உண்மையான பலத்தைத் தரும். கருப்பொருள்வழிப் பயில்வை நாம் பரிந்துரைப்பதற்கு இதுவே முதற் காரணம்.

கருப்பொருள் என்றால் என்ன?

தலைப்பு வேறு, கருப்பொருள் வேறு. ‘இரசாயன உரத் தடை’ என்பது ஒரு தலைப்பு. ‘உணவும் சமூகமும்’ என்பது ஒரு கருப்பொருள். தலைப்பு ஆண்டுதோறும் மாறும். கருப்பொருள் தலைமுறைகளைக் கடந்து நிற்கும். ஒரு கருப்பொருளைப் பயின்றவன் அதன்கீழ் எழும் பல தலைப்புகளை எதிர்கொள்ளலாம். தலைப்பை மட்டும் பயின்றவனோ வினாவின் ஒரு சொல் மாறினும் தடுமாறுவான்.

இந்நாட்டுப் பரீட்சார்த்தி ஒருவர்க்குப் பின்வரும் எட்டுக் கருப்பொருள்கள் போதுமானவை என நாம் கருதுகின்றோம்: உணவும் விவசாயமும்; நிலமும் குடியேற்றமும்; கல்வியும் தொழிலும்; மொழியும் நிருவாகமும்; அதிகாரப் பகிர்வு; பெண்களின் உழைப்பு; விஞ்ஞானமும் சுற்றாடலும்; உலகப் பொருளாதாரத்தில் சிறிய நாடுகளின் நிலை. இவை தனித்தனித் தீவுகள் அல்ல. பெண்களின் உழைப்பைப் பற்றி ஆராயப் புகுவோர் தேயிலைத் தோட்டத்தையும், 1978 இல் தொடங்கப்பட்ட கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயத்தையும், மத்திய கிழக்குக்கான புலப்பெயர்வையும் நோக்குதல் வேண்டும். அவை மூன்றும் அவரை உலகப் பொருளாதாரம் என்னும் கருப்பொருளுக்கே இட்டுச்செல்லும்.

ஒவ்வொரு கருப்பொருளையும் ஐந்து வினாக்களைக் கொண்டு அணுகலாம். இப்பிரச்சினை வரலாற்றில் எவ்வாறு தோன்றியது? அதன் பொருளாதார அடித்தளம் யாது? அரசு எக்கொள்கைகளைக் கைக்கொண்டது, ஏன்? அக்கொள்கைகளால் எவ்வர்க்கத்தினர், எப்பிரதேசத்தினர் நன்மை பெற்றனர், எவர் துன்புற்றனர்? பிறநாட்டு அனுபவங்கள் எதனை உணர்த்துகின்றன? இவ்வைந்தும் எவ்வாறு செயற்படுகின்றன என்பதை உணவு என்னும் கருப்பொருளைக் கொண்டு சற்று விரிவாக நோக்குவோம்.

ஓர் எடுத்துக்காட்டு: உணவும் சமூகமும்

குடியேற்றநாட்டு ஆட்சியின் கீழ் இலங்கைப் பொருளாதாரம் தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய ஏற்றுமதிப் பயிர்களை மையமாகக் கொண்டு அமைந்தது. உண்ணும் அரிசியின் பெரும்பகுதி பர்மா முதலிய நாடுகளினின்றும் வந்தது. 1942 இல் பர்மா யப்பானியர் வசமாகவே இவ்வமைப்பின் பலவீனம் வெளிப்பட்டது. அவ்வாண்டிலேயே அரிசிப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. யுத்தகால ஏற்பாடாகத் தொடங்கிய பங்கீடு, காலப்போக்கில் மக்கள் தம் உரிமையெனக் கருதும் ஒன்றாயிற்று.

கொரிய யுத்தகாலத்தில் உயர்ந்திருந்த இறப்பர் விலை பின்னர் வீழ்ந்தது. 1952 இல் சீனாவுடன் இறப்பர் – அரிசி உடன்படிக்கை செய்யப்பட்டது. எனினும் அரசின் நிதிநெருக்கடி தீரவில்லை. 1953 இல் பங்கீட்டரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்தினின்று 70 சதமாக உயர்த்தப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 12 இல் இடதுசாரிக் கட்சிகளின் தலைமையில் ஹர்த்தால் நடைபெற்றது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். உலகச் சந்தையில் இறப்பருக்கு நேர்ந்த விலைவீழ்ச்சி, கிராமத்து அடுப்பங்கரை வழியாக ஒரு பிரதமரின் பதவியைப் பாதித்த வரலாறு இது. இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் காரணகாரியத் தொடர்புடன் எடுத்துக்காட்டும் பரீட்சார்த்தி, ‘மானியங்கள் பொருளாதாரத்திற்குச் சுமையா?’ என்ற வினாவுக்கு வெறும் அபிப்பிராயத்தைக் கூறி அமையமாட்டார்.

உற்பத்தியின் பக்கம் நோக்குமிடத்து, 1958 இன் நெற்காணிச் சட்டம் குறிப்பிடத்தக்கது. விவசாய அமைச்சர் பிலிப் குணவர்த்தனா கொணர்ந்த அச்சட்டம், குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்பளிக்க முனைந்தது. 1972 இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் உடைமைக்கு 50 ஏக்கர் உச்சவரம்பையும், நெற்காணிக்கு 25 ஏக்கர் உச்சவரம்பையும் விதித்தது. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. விளைச்சலைப் பெருக்குவதற்கு விதையும் உரமும் நீரும் மாத்திரம் போதா, நிலம் யாருடையது என்ற வினாவும் விடைகாணப்பட வேண்டும் என்பதை இச்சட்டங்கள் உணர்த்துகின்றன.

நான்காவது வினாவே மிகவும் பயனுடையது. 1970களின் முற்பகுதியில் வெளிநாட்டுச் செலாவணிப் பற்றாக்குறையால் மிளகாய், வெங்காயம் முதலிய உபஉணவுப் பொருட்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர்களும், விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற இடங்களிற் குடியேறிய படித்த வாலிபரும் இதனால் நன்மை பெற்றனர். இதே காலத்தில் உலக உணவு விலையேற்றமும் பங்கீட்டுக் குறைப்பும் மலையகத் தோட்டத் தொழிலாளரைக் கடுமையாகத் தாக்கின. அவர்களிடம் பயிரிட நிலமில்லை. கூலியும் கூப்பனுமே ஆதாரம். 1974 இல் தோட்டப்புறங்களின் மரணவீதம் வெளிப்படையாக உயர்ந்தது. 1977 இல் இறக்குமதி தாராளமாக்கப்பட்டபோது வடபுலத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளர் தம் சந்தையை இழந்தனர். 1979 இல் பங்கீட்டுக்குப் பதிலாக வந்த உணவு முத்திரையின் பெறுமதியை விலைவாசி உயர்வு விரைவில் அரித்தது. ஒரு கொள்கையை நல்லது, தீயது என ஒரே சொல்லில் தீர்ப்பிடுதல் எத்துணை பிழையானது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

அமர்த்தியா சென் 1981 இல் வெளியிட்ட ஆய்வு ஐந்தாவது வினாவுக்கு வழிகாட்டும். 1943 இன் வங்காளப் பஞ்சம் முதலியவற்றை ஆராய்ந்த அவர், பஞ்சத்தை உணவின் பற்றாக்குறையாக மட்டும் விளங்கிக்கொள்ள முடியாது, உணவைப் பெறும் உரித்தை மக்கள் இழத்தலே அதன் மையம் என நிறுவினார். மலையகத்தின் 1974 ஆம் ஆண்டு அனுபவத்தையும், 1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் வாழ்ந்த வடபகுதி மக்களின் அனுபவத்தையும் இக்கருத்தின் ஒளியில் நோக்கலாம். 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டதும், அவ்வாண்டு நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டதும், 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் மீளளிப்பு நிறுத்தப்பட்டதும், அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியதும் இந்நெடிய வரலாற்றின் அண்மைக்கால அத்தியாயங்களே. செய்தித்தாளை மட்டும் வாசித்தவர்க்கு 2022 ஒரு திடீர் விபத்தாகத் தோன்றும். கருப்பொருளைப் பயின்றவர், 1942 இலும் 1953 இலும் 1974 இலும் வெளிப்பட்ட அதே இறக்குமதிச் சார்பையும் செலாவணி நெருக்கடியையும் அங்கே இனங்காண்பார்.

குறிப்பெடுத்தலும் எழுதுதலும்

ஒவ்வொரு கருப்பொருளுக்கும் இரண்டு தாள்களுக்கு மேற்படாத குறிப்பொன்றே போதுமானது. அதில் ஆண்டுகள் பத்துக்கு மேல் வேண்டா. ஆனால் ஒவ்வோர் ஆண்டுக்கும் எதிரே ‘ஏன்’ என்பதற்கான விடை இருத்தல் வேண்டும். காரணம் அறியப்படாத ஆண்டு நினைவிற்கு வெறுஞ்சுமையாகும். பத்திரிகையில் புதிய செய்தியைக் காணும்போது, அது எக்கருப்பொருளின் எவ்வினாவுக்குரியது எனத் தீர்மானித்து உரிய இடத்திற் சேர்த்துக்கொள்ள வேண்டும். எவ்வினாவுக்கும் பொருந்தாத செய்தியை விட்டுவிடலாம்.

எழுதுங்கால் முதலிற் செய்யவேண்டியது வினாவின் சொற்களை ஆராய்தல். ‘தன்னிறைவு சாத்தியமா?’, ‘தன்னிறைவு விரும்பத்தக்கதா?’ என்னும் வினாக்கள் ஒன்றல்ல. முன்னையது வளத்தையும் உற்பத்தித் திறனையும் பற்றியது. பின்னையது எவருடைய செலவில் அது அடையப்படும் என்பதைப் பற்றியது. அடுத்து, தமது முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். அவ்வாறு எழுத முடியாவிடின் சிந்தனை இன்னும் முற்றுப்பெறவில்லை என்பதே பொருள். பின்னர் அம்முடிவுக்கு எதிராகக் கூறத்தக்க வலிமைமிக்க வாதத்தைத் தாமே எடுத்துக்கூறி, அதனை நேர்மையாக எதிர்கொள்ளுதல் வேண்டும். மானியத்தை ஆதரிப்போர் அதற்கான நிதி எங்கிருந்து வரும் என்ற வினாவைத் தவிர்க்க முடியாது. எதிர்ப்போர் 1974 இன் மரணவீதத்தைத் தவிர்க்க முடியாது.

இப்பயில்வைத் தனித்துச் செய்வதினும் நால்வர் ஐவர் கூடிச் செய்தல் சிறந்தது. ஒருவர் உணவையும் மற்றொருவர் மொழியையும் பொறுப்பேற்று, வாரந்தோறும் தம்முள் விவாதிக்கலாம். மலையகத்து மாணவியும் யாழ்ப்பாணத்து மாணவனும் மட்டக்களப்பு வயற்பிரதேசத்தவரும் ஒன்றாக அமர்ந்து உணவுக் கொள்கையை விவாதிப்பார்களாயின், எந்த ரியூட்டரிக் குறிப்பிலும் இல்லாத அறிவு அங்கே பிறக்கும். செலவின்றி இதனை ஒழுங்குசெய்யக்கூடிய நிலையில் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் உள்ளன.

ஓர் எச்சரிக்கை

இம்முறையும் ஒரு வாய்பாடாக இறுகிவிடலாம். ஐந்து வினாக்களுக்கும் ஐந்து பந்திகள் எனக் கணக்கிட்டு எழுதத் தொடங்கின், சீனத்தின் எட்டுறுப்புக் கட்டுரைக்கு நாம் ஓர் ஐந்துறுப்புக் கட்டுரையைப் பதிலீடு செய்தவராவோம். வினாக்கள் சிந்தனையைத் தொடக்குவதற்கான கருவிகளேயன்றிக் கட்டுரையின் அறைகள் அல்ல. சில வினாவுக்கு வரலாறு ஒரு வாக்கியத்தில் அடங்கும். சிலவற்றுக்கு வரலாறே விடையாகும்.

கட்டுரைப் பரீட்சையிற் சித்தியடைபவர் நாளை ஒரு பிரதேச செயலகத்தில் அமர்வார். நிவாரணப் பட்டியலில் எவர் பெயர் இடம்பெறும், எக்குடும்பத்திற்குக் காணி கிடைக்கும், எம்மொழியில் விண்ணப்பம் ஏற்கப்படும் என்பன அவரது கையொப்பத்தில் தங்கியிருக்கும். வறுமையைப் பற்றி மனனஞ் செய்த பந்தி அவ்வேளையில் அவருக்கு உதவாது. பட்டியலில் விடுபட்டவர் யார், ஏன் விடுபட்டார் எனக் கேட்கும் பழக்கமே உதவும். அப்பழக்கத்தைப் பரீட்சைக்கு முன்னரே பெற்றுக்கொள்ள வாய்ப்பளிக்கின்றது என்பதே கருப்பொருள்வழிப் பயில்வின் தலையாய பயனாகும்.